ஆலையும் ஆறும் ஒரே சட்டகத்தில்

1861-இல் கார்ல்டன் வாட்கின்ஸ் என்ற அமெரிக்க ஒளிப்படக்காரர் கலிபோர்னியாவின் யோசெமிட்டி பள்ளத்தாக்குக்குள் போனார். 18க்கு 22 அங்குல அளவுள்ள கண்ணாடித் தகட்டில் படம் பிடிக்கும் பெரிய கேமரா அவரிடம் இருந்தது. தகடுகள், ரசாயனப் புட்டிகள், இருட்டறைக் கூடாரம் எல்லாம் கோவேறு கழுதைகளின் முதுகில் ஏறின. அவர் கொண்டுவந்த படங்கள் நியூயார்க் வரை பேசப்பட்டன. 1864-இல் அந்தப் பள்ளத்தாக்கை மக்கள் அனைவருக்குமாக ஒதுக்கிவைக்கும் சட்டத்தில் ஆபிரகாம் லிங்கன் கையெழுத்திட்டார். அதற்கு ஏற்ற மனநிலை உருவானதில் வாட்கின்ஸின் படங்களுக்குப் பங்குண்டு என்று வரலாற்றாசிரியர்கள் கருதுகிறார்கள்.

அதே வாட்கின்ஸ் யோசெமிட்டிக்குப் போவதற்கு முன்பே மரிபோசா தங்கச் சுரங்கங்களைப் படமெடுத்திருந்தார். 1871 வாக்கில் மலக்கோஃப் என்ற இடத்தில், நீரைப் பீச்சியடித்து மலையைக் கரைத்துத் தங்கம் எடுத்த நிறுவனம் ஒன்றின் வேலையையும் அதே பெரிய தகடுகளில் பதிவு செய்தார். முதலீட்டாளர்களுக்குக் காட்டுவதற்கான படங்கள் அவை. மலை அரைபட்டுக் கிடக்கிறது, நீர்த்தாரைகள் வெள்ளைக் கோடுகளாகப் பாய்கின்றன, பார்ப்பவருக்கு நிறுவனத்தின் வலிமை புரிந்துவிடுகிறது. கரைந்த மண் எங்கே போனது என்பது மட்டும் படத்தில் இல்லை. அது யூபா ஆற்றில் இறங்கி சாக்ரமென்டோ சமவெளியின் வயல்களை மூடிக்கொண்டிருந்தது. உழவர்கள் வழக்குத் தொடுத்தார்கள். 1884-இல் நீதிபதி லொரென்சோ சாயர், சுரங்கக் கழிவை ஆறுகளில் தள்ளக் கூடாது என்று தீர்ப்பளித்தார்.

ஒரே கை, ஒரே கேமரா. யோசெமிட்டி படங்களில் சுரங்கம் இல்லை. சுரங்கப் படங்களில் வயல் இல்லை. அந்தப் பள்ளத்தாக்கில் வாழ்ந்த பழங்குடிகளை 1851-இல் ஆயுதப் படை புகுந்து விரட்டியது என்பதற்கான தடயமும் அந்த அமைதியான காட்சிகளில் கிடையாது. தொழிலையும் இயற்கை நிலத்தையும் படமெடுப்பது என்ற கேள்வியின் முடிச்சு அப்போதே விழுந்துவிட்டது. சட்டகத்தின் விளிம்பு எங்கே முடிகிறது, அதை யார் முடிவு செய்கிறார், அந்த விளிம்புக்கு அப்பால் என்ன நடந்துகொண்டிருக்கிறது என்பவை நூற்றறுபது ஆண்டுகளுக்குப் பிறகும் இந்தத் துறையின் அடிப்படைக் கேள்விகளாகவே இருக்கின்றன.

பச்சை வயலுக்குப் பின்னே புகைபோக்கி நிற்கும் படம் எடுப்பது எளிது. கண்ணுக்கு அது உடனே பிடிபடும்; பத்திரிகையில் அச்சாகும்; பரிசும் வாங்கும். அந்த வயலும் அந்தப் புகைபோக்கியும் எந்த நீரால், எந்த மண்ணால், யாருடைய உழைப்பால் பிணைந்திருக்கின்றன என்று காட்டும் படம் அரிது. முரணைக் காட்டிய படங்கள் ஏராளமாக இருக்கின்றன என்பதும், தொடர்பைக் காட்டிய படங்களே நமக்கு இன்று தேவை என்பதும் என் கருத்து. அதற்கான காரணங்களை இத்துறையின் வரலாற்றிலிருந்தே எடுத்துச் சொல்லப் பார்க்கிறேன்.

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதி இயந்திரத்தைப் போற்றிய காலம். 1927-இல் சார்லஸ் ஷீலர் ஃபோர்டு நிறுவனத்தின் ரூஜ் ஆலையைக் கோயில் கோபுரத்துக்குரிய பணிவோடு படமெடுத்தார். 1936 நவம்பரில் லைஃப் இதழின் முதல் அட்டையில் மார்கரெட் பர்க்-ஒயிட் எடுத்த மொன்டானாவின் ஃபோர்ட் பெக் அணைக்கட்டுப் படம் வந்தது. மாபெரும் கான்கிரீட் தூண்களின் காலடியில் இரண்டு மனிதர்கள் சிறு புள்ளிகளாக நின்றார்கள். வேலையில்லாத் திண்டாட்டத்தில் தவித்த நாட்டுக்கு அந்தத் தூண்கள் நம்பிக்கையைக் கொடுத்தன, அதைக் குறைத்துப் பேச வேண்டியதில்லை. இந்தியாவிலும் விடுதலைக்குப் பிந்தைய ஆண்டுகளில் சுனில் ஜானா எஃகு ஆலைகளையும் நிலக்கரிச் சுரங்கங்களையும் அணைகளையும் படமெடுத்தார். வங்கப் பஞ்சத்தின் கொடுமையைப் பதிவு செய்த அதே ஜானாதான் நடு இந்தியப் பழங்குடிகளையும் பல ஆண்டுகள் படமெடுத்தார். அவருடைய ஆலைப் படங்களும் பழங்குடிப் படங்களும் தனித்தனித் தொகுப்புகளாகவே நமக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. இரண்டும் பெரும்பாலும் ஒரே கனிம மண்ணின் மேல் நின்ற வாழ்க்கைகள் என்பதை நாம்தான் சேர்த்துப் படிக்க வேண்டியிருக்கிறது.

இந்தப் போற்றுதலுக்கு நடுவே ஜெர்மனியின் ஆல்பர்ட் ரெங்கர்-பாட்ஸ் மட்டும் வேறொன்றைச் செய்தார். 1927 முதல் 1935 வரை ரூர் நிலக்கரிப் பகுதியில் அவர் ஊரின் ஓரங்களையே தேடிப் போனார். காய்கறிப் பாத்திக்குப் பின்னே சுரங்கக் கோபுரம், பனி மூடிய வயலை ஒட்டிக் கழிவு மேடு, தனித்து நிற்கும் ஒரு வீட்டுச் சுவர். கண்டனமோ புகழ்ச்சியோ இல்லாமல் ஓரங்கள் ஓரங்களாகவே பதிவாகின. பின்னால் வந்தவர்கள் பலர் அவருக்குக் கடன்பட்டவர்கள்.

இனி, படத்திலிருந்து அழிப்பதைப் பற்றி. 1944-இல் ஆன்சல் ஆடம்ஸ் கலிபோர்னியாவின் லோன் பைன் ஊருக்கு அருகில் குளிர்கால விடியலில் ஒரு படம் எடுத்தார். முன்னே வெயில் படும் மேய்ச்சல் நிலத்தில் ஒரு குதிரை, நடுவே இருண்ட குன்றுகள், பின்னே ஒளிரும் சியரா நெவாடா பனிமலை. இயற்கைப் படங்களில் உலகப் புகழ்பெற்றது இது. அந்த இருண்ட குன்றில் உள்ளூர்ப் பள்ளி மாணவர்கள் தங்கள் ஊர்ப்பெயரின் இரண்டு முதலெழுத்துகளை வெள்ளையடித்து எழுதியிருந்தார்கள். ஆடம்ஸ் அவற்றை நெகட்டிவிலும் பிரின்ட்டிலும் மறைத்துவிட்டார். இதை அவர் ஒளிக்கவில்லை. மலையின் மேல் விழுந்த அந்த வடுவைப் பின்வரும் தலைமுறைக்குக் கடத்த விருப்பமில்லை என்ற கருத்தில் தாமே எழுதியும் இருக்கிறார்.

எழுத்துகளை மறைத்ததைப் பற்றிப் பலர் விவாதித்திருக்கிறார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது வேறு. லோன் பைன் இருப்பது ஓவன்ஸ் பள்ளத்தாக்கில். 1913-இல் முடிக்கப்பட்ட கால்வாய் ஒன்று அந்தப் பள்ளத்தாக்கின் ஆற்றுநீரை 233 மைல் தொலைவிலுள்ள லாஸ் ஏஞ்சலிஸ் நகருக்குக் கொண்டுபோனது. ஊருக்குத் தெற்கே இருந்த ஓவன்ஸ் ஏரி 1920-களிலேயே வற்றிவிட்டது. ஆடம்ஸ் கேமராவை நிறுத்திய காலத்தில் அந்தப் பள்ளத்தாக்கு ஒரு நகரத்தின் குடிநீர்த் தொழிலுக்காக உறிஞ்சப்பட்ட நிலமாக இருந்தது. காய்ந்த ஏரிப்படுகையிலிருந்து கிளம்பிய புழுதி அமெரிக்காவின் மிக மோசமான தூசு மாசுகளில் ஒன்றாகப் பின்னர் அறியப்பட்டது. இத்தனைக்கும் ஆடம்ஸ் கண்மூடியவர் கிடையாது. அந்த நாட்களில் அவர் சில மைல் தள்ளி, ஜப்பானிய அமெரிக்கர்கள் அடைத்துவைக்கப்பட்ட மன்சனார் முகாமைப் படமெடுத்துக்கொண்டிருந்தார். அவர்களுக்கு ஆதரவாக அதே 1944-இல் நூலும் வெளியிட்டார். மனிதருக்கு நேர்ந்த அநீதியைத் தேடிப்போய்ப் பார்த்த அந்தக் கண், நீருக்கு நேர்ந்ததைக் காட்சியாகக் கருதவில்லை. 2001 வாக்கில் டேவிட் மைசல் சிறு விமானத்தில் ஏறி அதே ஏரிப்படுகையை மேலிருந்து படமெடுத்தார். உப்பும் கனிமமும் நுண்ணுயிரும் சேர்ந்து இரத்தச் சிவப்பாகத் தெரிந்தது நிலம். ஆடம்ஸின் படத்தையும் மைசலின் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் ஓவன்ஸ் பள்ளத்தாக்கு முழுமையாகக் கண்ணுக்கு வருகிறது.

ஜெர்மானியரான ஆந்திரியாஸ் குர்ஸ்கி 1999-இல் டுசல்டார்ஃப் அருகே ரைன் ஆற்றைப் படமெடுத்தார். சாம்பல் வானம், பச்சைக் கரை, நடுவே நேர்க்கோடாக ஆறு. எதிர்க்கரையில் நின்ற ஆலைக் கட்டடத்தையும் கரையில் நடந்தவர்களையும் கணினியில் நீக்கிவிட்டார். ஐரோப்பாவிலேயே அதிகமாக ஆலைகள் சூழ்ந்த ஆறுகளில் ஒன்று ரைன். 2011-இல் கிறிஸ்டீஸ் ஏலத்தில் அந்தப் படம் 43 லட்சம் டாலருக்கு மேல் விலைபோனது. அன்றைய நிலையில் உலகின் மிக விலையுயர்ந்த ஒளிப்படம் அதுதான். நீக்கியதைக் குர்ஸ்கி வெளிப்படையாகவே சொன்னார், அதனால் அவரை ஏமாற்றுக்காரர் என்று சொல்ல மாட்டேன். ஆலையில்லாத ஆற்றைப் பார்க்க நம் காலத்துக்கு எவ்வளவு ஏக்கம் இருக்கிறது என்பதற்கு அந்த விலையே சான்று.

இந்த ஏக்கத்துக்கு எதிரான நிகழ்வு அதற்கு முன்பே, 1975-இல் நடந்தது. நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டர் நகரில், ஜார்ஜ் ஈஸ்ட்மன் இல்ல அருங்காட்சியகத்தில், வில்லியம் ஜென்கின்ஸ் ‘நியூ டோப்போகிராஃபிக்ஸ்’ என்ற கண்காட்சியை அமைத்தார். மனிதன் மாற்றியமைத்த நிலத்தின் படங்கள் என்பது அதன் துணைத்தலைப்பு. பத்துப் பேர் பங்கேற்றார்கள். ராபர்ட் ஆடம்ஸ் கொலராடோ மலையடிவாரத்தில் முளைத்த வரிசை வீடுகளைக் காட்டினார். லூயிஸ் பால்ட்ஸ், கலிபோர்னியாவின் இர்வைன் பகுதியில் எழும்பிய தொழிற்பேட்டைகளின் வெற்றுச் சுவர்களைக் காட்டினார். உள்ளே என்ன செய்கிறார்கள் என்று வெளியிலிருந்து யாராலும் சொல்ல முடியாத சுவர்கள். அன்று வந்த பார்வையாளர்களில் பலர் இந்தப் படங்களை ரசிக்கவில்லை. மலை எங்கே, அருவி எங்கே என்று எதிர்பார்த்து வந்தவர்களுக்கு வாகன நிறுத்தமும் தகரக் கூரையும் கிடைத்தால் வேறெப்படி இருக்கும். ஆனால் நிலக்காட்சிப் படத்தின் போக்கை அந்தக் கண்காட்சி மாற்றிவிட்டது. தூய இயற்கை ஒரு பக்கம், கெட்ட ஆலை ஒரு பக்கம் என்ற பிரிவினை அதில் இல்லை. நாம் குடியிருக்கும் இடமே, நம் வீடே, மாறிய நிலத்தின் பகுதி என்று அந்தப் படங்கள் சொல்லின.

அந்தக் கண்காட்சி நடந்த ஊரைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். ராச்செஸ்டர் கோடாக்கின் ஊர். ஃபிலிம் என்பது வெள்ளி உப்பும், மாட்டெலும்பிலிருந்தும் தோலிலிருந்தும் எடுத்த ஜெலட்டினும், ஏராளமான தண்ணீரும் சேர்ந்த பண்டம். கோடாக்கின் ஆலை வளாகம் ஜெனசி ஆற்றை ஒட்டியே வளர்ந்தது. இயற்கையின் அழகைக் காட்டிய ஒவ்வொரு ஃபிலிம் சுருளுக்குப் பின்னும் ஒரு வெள்ளிச் சுரங்கமும் ஓர் ஆலையும் இருந்தன. நம் நீலகிரிக்கும் இதில் நேரடிப் பங்குண்டு. 1960-இல் நிறுவப்பட்ட அரசு நிறுவனமான இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் உதகமண்டலத்தில் அமைந்ததற்கு, அந்த மலையின் குளிரும் தூசு குறைந்த காற்றும் முக்கியக் காரணங்களாகச் சொல்லப்பட்டன. மலைக்காற்றின் தூய்மையே ஓர் ஆலையின் மூலப்பொருளானது. ‘இந்து’ என்ற பெயரில் வந்த கறுப்பு-வெள்ளை ஃபிலிமும் எக்ஸ்ரே ஃபிலிமும் நாடெங்கும் போயின. டிஜிட்டல் வந்தபின் ராச்செஸ்டரில் கோடாக்கின் கட்டடங்கள் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன. ஊட்டி ஆலையும் நலிந்து மூடப்பட்டது. இன்றைய கேமராவின் சென்சாரும் பேட்டரியும் எந்தச் சுரங்கத்திலிருந்து வருகின்றன என்ற கேள்வியிலிருந்து நாமும் தப்ப முடியாது. ஆலையைப் படமெடுப்பவன் ஆலைக்கு வெளியே நிற்பவன் என்று யாரும் எண்ணிக்கொள்ள வேண்டாம்.

அந்தப் பத்துப் பேரில் ஐரோப்பாவிலிருந்து வந்தவர்கள் பெர்ன்ட் பெஷர், ஹில்லா பெஷர் தம்பதியர். 1959-இல் தொடங்கி ஊது உலைகள், நீர்த்தொட்டிக் கோபுரங்கள், சுரங்கத் தூக்குக் கோபுரங்கள், சுண்ணாம்புக் காளவாய்கள் என்று வகைவகையாகப் பெரிய கேமராவில் எடுத்தார்கள். நிழல் விழாத மேகமூட்டமான நாளுக்குக் காத்திருப்பார்கள். ஏணியும் சாரமும் வைத்து ஏறி, கட்டுமானத்தின் நடு உயரத்துக்குக் கேமராவைக் கொண்டுபோவார்கள். ஒரே வகைக் கட்டுமானத்தின் படங்கள் ஒன்பதோ பன்னிரண்டோ பதினைந்தோ ஒரே சுவரில் கட்டம் கட்டமாகத் தொங்கும். 1990 வெனிஸ் கலைவிழாவில் அவர்களுக்குக் கிடைத்த பரிசு சிற்பத்துக்கானது என்பது அந்தப் படங்களின் திண்மையைச் சொல்லும்.

பெஷர்களின் உழைப்பின் முன் நான் பணிந்து நிற்கிறேன். ஆனாலும் அவர்களுடைய சட்டகம் எதை வெளியே நிறுத்தியது என்று கேட்காமல் இருக்க முடியாது. வேலையாட்கள் இல்லை, புகை இல்லை, ஆறு இல்லை. ரூர் பகுதியின் சுரங்கக் கழிவையும் ஊர்ச் சாக்கடையையும் சுமந்து திறந்த கால்வாயாக ஓடிய எம்ஷர் ஆறு அவர்கள் போய் நின்ற பல இடங்களுக்கு அருகிலேயே இருந்தது. ஆலையின் உருவத்தைக் காப்பாற்றுவதே தங்கள் வேலை என்று அவர்கள் எல்லை வகுத்துக்கொண்டார்கள். காலம் அவர்கள் பக்கம் நின்றது. ஜெர்மனியின் கடைசிக் கருநிலக்கரிச் சுரங்கம் 2018 டிசம்பரில் மூடப்பட்டது. பல கோபுரங்கள் இன்று அவர்களுடைய படங்களில் மட்டுமே நிற்கின்றன. எம்ஷர் ஆறோ பல்லாண்டு வேலைக்குப் பிறகு 2021 இறுதியில் சாக்கடைநீர் கலக்காத ஆறாக மீட்கப்பட்டது. டூயிஸ்பர்க்கில் 1985-இல் நின்றுபோன ஊது உலை வளாகத்தை இடிக்காமல் அப்படியே பூங்காவாக்கினார்கள். அங்கே துருப்பிடித்த உலையின் மேல் பூச்செடி படர்ந்திருக்கிறது. முரணின் படம் என்று எடுத்தால் அது பொய்யாகிவிடும்; ஒன்றின் மேல் ஒன்று வாழத் தொடங்கிவிட்டது.

கனடாவின் எட்வர்ட் பர்டின்ஸ்கியைத் தவிர்த்துவிட்டு இன்று இந்தத் துறையைப் பற்றிப் பேச முடியாது. ஜெனரல் மோட்டார்ஸ் ஆலை இருந்த செயின்ட் கேத்தரின்ஸ் ஊரில் 1955-இல் பிறந்தவர். 1996-இல் ஒன்டாரியோவின் சட்பரி நகரருகே நிக்கல் தாதுக்கழிவு ஓடும் நிலத்தை எடுத்தார். கரிய மண்ணின் நடுவே ஆரஞ்சு நிறத்தில் ஓர் ஆறு வளைந்து வருகிறது. தாதுவில் இருந்த இரும்பு துருவேறியதால் வந்த நிறம் அது. 2000-இல் வங்கதேசத்தின் சிட்டகாங் கடற்கரையில் கப்பல் உடைக்கும் தொழிலைப் படமெடுத்தார். சீனாவின் மூன்று பள்ளத்தாக்கு அணை, எண்ணெய் வயல்கள், நீர்ப்பாசனம் என்று அவருடைய பயணம் நீண்டது. சுவரளவுக்கு அச்சிடப்படும் அந்தப் படங்களின் முன் நிற்பவர் முதலில் அழகில் மயங்குகிறார். என்ன பார்க்கிறோம் என்று பிறகுதான் தெரிகிறது. அந்த அதிர்ச்சியே தம் வழிமுறை என்பதும், தீர்ப்பைப் பார்ப்பவரிடம் விட்டுவிட வேண்டும் என்பதும் பர்டின்ஸ்கியின் நிலைப்பாடு.

எனக்கு இதில் பாதி உடன்பாடு. அழகில்லாவிட்டால் யாரும் நின்று பார்க்க மாட்டார்கள் என்பது உண்மை. ஆனால் உயரத்திலிருந்து எடுக்கும்போது நஞ்சு நிறமாகிவிடுகிறது, மனிதர் புள்ளியாகிவிடுகிறார். இன்று ட்ரோன் வைத்திருக்கும் எல்லோரும் பர்டின்ஸ்கியைப் போல் ஒரு படம் எடுத்துவிட முடிகிறது. உப்பளமும் சாயக்கழிவும் மேலிருந்து கோலமாகத் தெரிகின்றன. இன்னொன்று காலம். சட்பரியில் உலைப்புகையால் செத்துப்போன நிலத்தில் 1978 முதலே மரம் நடும் பணி நடந்துவந்தது. 2022-இல் ஒரு கோடியாவது மரம் நடப்பட்டது. பர்டின்ஸ்கியின் படம் உலகெங்கும் சட்பரியின் முகமாகிவிட்ட நிலையில், அதே ஊர் தன் குன்றுகளைப் பச்சையாக்கிக்கொண்டிருந்தது என்ற செய்தி அந்த அளவுக்குப் பரவவில்லை. ஒற்றைப் படம் நிலத்தை ஒரு கணத்தில் நிறுத்திவிடுகிறது. நிலம் அப்படி நிற்பதில்லை.

ஒற்றைப் படத்தின் இன்னொரு குறையை 1931-இலேயே சுட்டியிருக்கிறார்கள். ஒளிப்பட வரலாறு பற்றிய தம் கட்டுரையில் ஜெர்மன் சிந்தனையாளர் வால்டர் பெஞ்சமின், நாடகாசிரியர் பிரெக்டின் கருத்து ஒன்றை எடுத்தாண்டார். க்ரூப் எஃகு ஆலை போன்ற பெரிய ஆலையின் படம் அந்த நிறுவனத்தைப் பற்றி ஏறக்குறைய எதையும் தெரிவிக்காது என்பது அதன் சாரம். கூலி, கடன், உரிமை, ஒப்பந்தம் எதுவும் சுவரில் தெரிவதில்லை. அனல்மின் நிலையத்தை எடுத்துக்கொள்ளுங்கள். குளிரூட்டும் கோபுரத்திலிருந்து எழும் வெண்மேகம் பெரும்பாலும் நீராவி; அதைத்தான் எல்லோரும் மாசின் அடையாளமாகப் படமெடுக்கிறார்கள். உயர்ந்த புகைபோக்கி வழியாகப் போகும் கந்தக டை ஆக்ஸைடும் பாதரசமும் கண்ணுக்குத் தெரிவதில்லை. லென்ஸும் தன் பங்குக்கு வேலை செய்கிறது. சில கிலோமீட்டர் தள்ளி நின்று நீண்ட டெலி லென்ஸில் பார்த்தால் தொலைவிலுள்ள புகைபோக்கி குடிசையின் முதுகில் சாய்ந்து நிற்பதுபோல் தெரியும். அது பொய் என்று சொல்ல முடியாது. தொலைவை மறைத்த உண்மை.

இந்தத் தடையைத் தாண்ட முயன்றவர்களில் இருவரை நான் முன்னிறுத்துவேன். மிட்ச் எப்ஸ்டீன் 2003-இல் ஒஹாயோ மாநிலத்தின் செஷையர் என்ற சிற்றூருக்குப் போனார். பக்கத்து அனல்மின் நிலையத்தின் புகை ஊரின் மேல் இறங்கியது. கடைசியில் மின் நிறுவனமே 2 கோடி டாலர் கொடுத்து ஊரை விலைக்கு வாங்கி மக்களை வெளியேற்றியது. அங்கிருந்து தொடங்கிய பயணம் 2009-இல் ‘அமெரிக்கன் பவர்’ என்ற நூலானது. வீட்டுக் கொல்லையும் மரமும் முன்னே, குளிரூட்டும் கோபுரம் பின்னே என்று அவருடைய படங்களிலும் முரண் உண்டு. ஆனால் அந்த வீட்டில் எரியும் விளக்குக்கும் அந்தக் கோபுரத்துக்கும் உள்ள உறவை நூல் முழுதும் அவர் விடாமல் பின்தொடர்கிறார். பல இடங்களில் காவலர்கள் அவரைத் தடுத்து விசாரித்தார்கள். எதைப் பார்க்கக் கூடாது என்று ஒரு தொழில் விரும்புகிறது என்பதும் அந்த நூலின் செய்தியாகிவிட்டது.

மற்றவர் ரிச்சர்ட் மிஸ்ராக். லூசியானாவில் பேட்டன் ரூஜ் நகருக்கும் நியூ ஆர்லியன்ஸ் நகருக்கும் இடையே மிசிசிப்பிக் கரையில் ஏறத்தாழ 150 மைல் நீளத்துக்கு எண்ணெய், ரசாயன ஆலைகள் நிற்கின்றன. ஒருகாலத்தில் அடிமைகளை வைத்துக் கரும்பு விளைவித்த தோட்டங்கள் இருந்த கரை அது. 1998-இல் மிஸ்ராக் அங்கே படமெடுத்தார். படங்கள் மட்டும் போதாது என்று உணர்ந்து, நிலவடிவமைப்பாளர் கேட் ஓர்ஃப் என்பவரோடு சேர்ந்து 2012-இல் ‘பெட்ரோகெமிக்கல் அமெரிக்கா’ நூலைக் கொண்டுவந்தார். படத்தின் பக்கத்தில் வரைபடம் வருகிறது. குழாய் எங்கிருந்து எங்கே போகிறது, தோட்டம் எப்படி ஆலையானது, கழிவு எந்த நீரில் சேர்கிறது என்றெல்லாம் கோடுகள் காட்டுகின்றன. சட்டகத்துக்கு வெளியே இருப்பதை நூலுக்குள் கொண்டுவந்த முயற்சி இது. நான் பார்த்தவரை இந்தக் கேள்விக்கு ஒளிப்படக் கலை தந்த மிகச் சிறந்த விடையும் இதுதான்.

செபஸ்தியாவோ சல்காடோவைப் பற்றிப் பெருமையும் வேதனையும் கலந்தே எழுத வேண்டியிருக்கிறது. 1986-இல் பிரேசிலின் செர்ரா பெலாடா தங்கச் சுரங்கத்தில் சேறு பூசிய ஆயிரக்கணக்கான மனிதர்களை அவர் எடுத்த படங்களைப் பார்த்தவர் யாரும் மறக்க முடியாது. 1998-இல் மனைவி லேலியாவோடு சேர்ந்து, மொட்டையாகிப்போன குடும்பப் பண்ணை நிலத்தில் காடு வளர்க்கத் தொடங்கினார். இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட மரங்கள் அங்கே வளர்ந்தன. ஆனால் மனிதத் தடம் படாத இயற்கையைத் தேடி அவர் எடுத்த ‘ஜெனிசிஸ்’ கண்காட்சிக்கு, உலகின் பெரிய இரும்புத்தாது நிறுவனங்களில் ஒன்றான வாலே புரவலராக இருந்தது. 2015 நவம்பரில் மரியானா என்ற இடத்தில், வாலே பங்குதாரராக இருந்த நிறுவனத்தின் கழிவணை உடைந்து ரியோ டோசே ஆறு முழுதும் சேறானது. சல்காடோ காடு வளர்த்த நிலம் அந்த ஆற்றின் படுகையில்தான் இருக்கிறது. அவர் 2025-இல் மறைந்தார். இயற்கையின் படத்துக்குச் சுரங்கம் பணம் கொடுக்கும்போது, வாட்கின்ஸ் காலத்து முடிச்சு இன்னும் அவிழவில்லை என்று தெரிகிறது.

தமிழ்நாட்டுக்கு வருவோம். 2023 ஜூலை இறுதியில் கடலூர் மாவட்டம் வளையமாதேவியில், நெய்வேலிச் சுரங்க விரிவாக்கத்துக்கான பரவனாற்று மாற்றுக் கால்வாய்க்காக, வளர்ந்து நின்ற நெற்பயிருக்குள் மண்வெட்டும் இயந்திரங்கள் இறங்கின. பச்சைப் பயிரும் மஞ்சள் இயந்திரமும் ஒரே சட்டகத்தில் இருந்த அந்தப் படங்கள் ஒரே நாளில் நாடெங்கும் போயின. அறுவடை வரை பொறுத்திருக்கக் கூடாதா என்ற கேள்வி சென்னை உயர் நீதிமன்றத்திலும் எழுந்தது. தொழிலும் நிலமும் மோதும் அந்த நொடியைப் பிடித்த படங்கள் அவை, அவற்றின் வலிமையை நான் மறுக்கவில்லை. நிலம் பல ஆண்டுகளுக்கு முன்பே கையகப்படுத்தப்பட்டது என்று சுரங்க நிறுவனம் சொன்னதும், இழப்பீடும் வேலையும் போதவில்லை என்று உழவர்கள் சொன்னதும், 1957 முதல் அந்தச் சுரங்கம் வெட்டப்பட்டு வருவதும், அங்கிருந்து வரும் மின்சாரம் நம் வீடுகளில் எரிவதும் அந்தப் படத்தில் இல்லை. அவற்றைச் சொல்லக்கூடிய நீண்ட படத்தொகுப்பு ஏதும் நெய்வேலிக்கு இருப்பதாக என் கண்ணில் படவில்லை. ரூருக்குப் பெஷர்கள் இருந்தார்கள். நெய்வேலியின் மண்மேடுகளுக்கும் வற்றிய கிணறுகளுக்கும் அப்படி ஒருவர் வேண்டும்.

படப்பதிவைப் பொறுத்தவரை எண்ணூர் சற்று நல்ல நிலையில் இருக்கிறது. கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் அந்தக் கழிமுகத்தில், அனல்மின் நிலையங்களிலிருந்து சாம்பல் குளத்துக்குப் போகும் குழாய்கள் கசிந்து சாம்பல் குழம்பு படிந்தது, ஆழம் குறைந்தது, இறாலும் நண்டும் குறைந்தன. 2017 ஜனவரியில் வெளிவந்த, கர்நாடக இசைப் பாடகர் டி.எம். கிருஷ்ணா பாடி, கபேர் வாசுகி எழுதி, ரதீந்திரன் பிரசாத் இயக்கிய ‘சென்னை புறம்போக்குப் பாடல்’ அந்தக் கழிமுகத்திலேயே படமாக்கப்பட்டது. கர்நாடக இசை கேட்பவர்களில் எத்தனையோ பேர் எண்ணூரை முதன்முதலாகப் பார்த்தது அதில்தான். ஆனால் படகும் புகைபோக்கியும் சேர்ந்த காட்சி இன்று வார இறுதியில் கேமராவோடு வருபவர்களின் வழக்கமான படமாகிவிட்டது. விடியலில் வருகிறார்கள், எதிரொளியில் மீனவரை நிழலுருவாக எடுக்கிறார்கள், போய்விடுகிறார்கள். அந்த மீனவரின் பெயரோ, வலையில் அன்று என்ன விழுந்தது என்பதோ படத்தோடு வருவதில்லை. இவர்களிலிருந்து வேறுபட்டவர் ‘பாரி’ இணைய ஆவணக் களஞ்சியத்தில் பணியாற்றும் எம். பழனிகுமார். துப்புரவுத் தொழிலாளர்கள், கடல்பாசி எடுக்கும் பெண்கள், மீனவர்கள் என்று உழைப்பவரின் பக்கம் நின்று படமெடுப்பவர். 2022-இல் தயாநிதா சிங்-பாரி விருதை முதலாவதாகப் பெற்றவர். உழைக்கும் குடும்பத்துப் பிள்ளைகளின் கையிலேயே கேமராவைக் கொடுத்துப் பழக்குவதை அவர் தம் வேலையின் பகுதியாக வைத்திருக்கிறார். ஆற்றோரத்தில் வாழ்பவரே ஆலையைப் படமெடுக்கும்போது, அவருக்கு அது பின்னணியாக இருப்பதில்லை. அவர் குடிக்கும் நீரும் சுவாசிக்கும் காற்றும் அது.

நிலம் மாறுவதைப் படத்துக்குள் கொண்டுவர, அமெரிக்காவில் மார்க் கிளெட்டும் அவருடைய நண்பர்களும் 1977-இல் ஒரு வேலையைத் தொடங்கினார்கள். ஒரு நூற்றாண்டுக்கு முன் திமோத்தி ஓசல்லிவன் முதலியோர் நில அளவைப் பயணங்களில் படமெடுத்த இடங்களைத் தேடிப் போனார்கள். பழைய படத்தில் பாறையின் நிழல் விழுந்த இடத்தைக் கணக்கிட்டு, அதே பருவத்தில், அதே நேரத்தில், அதே புள்ளியில் கேமராவை நிறுத்தினார்கள். சில இடங்களில் ஊர் மறைந்திருந்தது, சில இடங்களில் அணை வந்திருந்தது, சிலவற்றில் ஒரு கல் கூட நகரவில்லை. இருபது ஆண்டுகள் கழித்து மூன்றாம் முறையும் போனார்கள். விலையுயர்ந்த கருவி எதுவும் இதற்குத் தேவையில்லை. பொறுமையும் சரியான குறிப்பும் போதும்.

இந்த வேலையை நம் ஊரில் செய்யும்படி கேமரா வைத்திருக்கும் ஒவ்வொருவரையும் கேட்டுக்கொள்கிறேன். எண்ணூர் முகத்துவாரம், நெய்வேலிச் சுரங்கத்தின் விளிம்பு, நொய்யலின் ஒரத்துப்பாளையம் அணை, தூத்துக்குடி உப்பளம், ஆரல்வாய்மொழிக் கணவாயின் காற்றாலைகள் என்று உங்களுக்குப் பக்கத்தில் இருக்கும் ஓர் இடத்தைத் தேர்ந்துகொள்ளுங்கள். ஆண்டுதோறும் அதே மாதத்தில், அதே திசை நோக்கி, அதே லென்ஸில் எடுங்கள். படத்தின் கீழே தேதி, இடம், நின்ற தொலைவு, அங்கே வாழ்பவர் ஒப்பினால் அவர் சொன்ன செய்தி ஆகியவற்றை எழுதுங்கள். ஒரு படியை அந்த ஊர் நூலகத்துக்கும் பள்ளிக்கும் கொடுங்கள். முதல் படத்தை இந்த ஆண்டே எடுத்துவிடுங்கள்.